பெயர் அப்பாவுடையது, குரல் என்னுடையது

அரியாங்குப்பம்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரிலும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். கையில் போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஆபீசிலிருந்து வந்து சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் சம்பந்தியம்மா இருக்கிறார்களா மாப்பிள்ளை இருக்கிறாரா என்று எனக்குத் தெரிவதில்லை, சாப்பிட்டியா, மழையா, குட்டி தூங்கிட்டாளா என்பதற்கு மேல் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. வாய்ஸ் மெசேஜ் போட்டால் அதுவும் வீடு முழுக்கக் கேட்கும், என் குரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாததா. எதிர்வீட்டுப் பெண் பாரீசுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும், இவளிடம் கொடுத்துவிட்டால் நீ ஒருத்தி மட்டும் உட்கார்ந்து படிப்பாய் என்று தோன்றியது. கூடவே வெங்காய வடவம் வைத்திருக்கிறேன். கருவாடு வைக்கவில்லை, ஏர்போர்ட்டில் அந்தப் பெண்ணைப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் பாவம், அவள்தான் கூச்சப்படுவாள்.

ஊர் சேதி எல்லாம் பழையபடிதான். பிள்ளைச்சாவடி மாமா இரண்டு மாசமாகக் கடலுக்குப் போகவில்லை, தோள்பட்டை வலி. நம் வீட்டுப் பின்பக்கம் ஓடுகளை மாற்றி ஷீட் போட்டாயிற்று, மழைக்கு இனி ஒழுகாது, ஆனால் மதியத்தில் உள்ளே இருக்க முடியவில்லை. அப்பா நோணாங்குப்பம் போட் ஹவுசில் இன்னும் படகு ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார், முட்டி வலி என்று சொன்னால் லீவு போடச் சொல்வேன் என்று சொல்வதே இல்லை. வீட்டுக்கு வந்தால் போனில் படகு எஞ்சின் பிரிக்கிற வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், எவனோ ஒரு தாய்லாந்துக்காரன் ஒரு வார்த்தை பேசாமல் எஞ்சினைக் கழற்றிக் கழுவி மாட்டுகிறான், அதை இவர் முழுசாகப் பார்த்துவிட்டுத் தப்பாக மாட்டுறான் என்கிறார். நம் குடும்ப குரூப்பில் வழக்கம்போல் காலையில் ரோஜாப்பூ, சாயங்காலம் சாமி படம், நடுவில் எதைச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும் என்று ஒருவர், அதையே சாப்பிடக் கூடாது என்று இன்னொருவர். யாரும் யாரையும் எப்படி இருக்கே என்று கேட்பதில்லை. ரோஜாப்பூ வந்துவிட்டால் உயிரோடு இருக்கிறார்கள் என்று நானும் எடுத்துக்கொள்கிறேன். சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டேன். மூன்று வருஷமாக ஒரே மருமகளுக்கு விஷம் வைக்கிறார்கள், அவளும் சாகவில்லை, வைக்கிறவளுக்கும் சலிக்கவில்லை, எனக்குச் சலித்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்த வெள்ளிக்கிழமை போன் பண்ணி, "அம்மா, பாடுனது எல்லாத்தையும் அழிச்சிடு, இங்க தலைகாட்ட முடியல" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, அதற்குப் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. நீயும் கேட்கவில்லை. எனக்கு உன்மேல் கோபம் இல்லை தேவி, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை கோபத்தைத் தேடிக்கொண்டே படிப்பாய்.

நீ அந்தப் பாட்டு ஆப்பைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய், நான் அனுப்புகிற பாட்டுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போகிறவள்தானே. அதில் ஒருத்தர் பாதிப் பாட்டைப் பாடி வைத்துவிட்டுப் போனால், எங்கேயோ இருக்கிற இன்னொருத்தர் வந்து மீதியைப் பாடிச் சேர்த்துவிடலாம். மார்க்கெட்டில் மதியத்துக்கு மேல் ஆள் குறைந்ததும், மீனுக்கு ஐஸ் போட்டுச் சாக்கால் மூடிவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நான் பாடுவேன். பத்துப் பதினைந்து வருஷம் தெருத்தெருவாகக் கூடையைத் தூக்கி மீனே மீனே என்று கூவின தொண்டை, பெண் குரலுக்கு எழுதின பாட்டில் மேலே ஏறவே மாட்டேன் என்றது. ஒரு நாள் விளையாட்டாக ஆண் பாடுகிற பாதியைப் பாடிப் பார்த்தேன், செருப்பு காலுக்குச் சேர்ந்த மாதிரி சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து நான் ஆண் பாதிதான். போன் வாங்கும்போது கடைக்காரப் பெண் அப்பா பெயரில் கணக்குத் தொடங்கியதால் ஆப்பிலும் கலியமூர்த்தி என்றே வந்துவிட்டது, முகத்தைப் போட வெட்கமாக இருந்ததால் அப்பாவின் படகைப் படமாக வைத்தேன். இதில் ஒரு கள்ளமும் இல்லை, மாற்றத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெண் பாதியைப் பாட விழுப்புரத்தில் ஒருத்தி கிடைத்தாள், கார்குழலி என்று பெயர். உன்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவளாக இருப்பாள். அவள் குரலைக் கேட்டால் புதுக் குடத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி இருக்கும். நான் பாதி போட்டால் மறுநாளுக்குள் மீதியைப் போட்டுவிடுவாள், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி 'அக்கா, இந்த இடத்துல கொஞ்சம் மெதுவா போங்க, நான் மூச்சு வாங்கணும்' என்று எழுதுவாள். அவளுக்கு மட்டும் நான் பெண் என்று தெரியும், முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் பாடினோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, போன் நம்பர் கூட வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொந்தக்காரி இல்லை, பக்கத்து வீட்டுக்காரி இல்லை. ஆனால் அவளுக்கு ஜலதோஷம் என்றால் முதலில் எனக்குத்தான் தெரியும்.

உன்னைத் தலைகாட்ட முடியாமல் செய்த அந்த வீடியோ எப்படி வந்தது என்றால், ஒரு காதல் பாட்டின் கடைசி அடியை நான் பாடி முடிப்பதற்குள் ஒரு ஆள் வந்து சாக்கை விலக்கி மீனை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். ரெக்கார்டிங் ஓடுவதை மறந்து, "யோவ், சங்கரா காலையில வந்தது, மோந்து மோந்து பாக்காத, வாங்குறதுன்னா வாங்கு" என்று கத்திவிட்டேன். அதையும் சேர்த்துத்தான் ஆப்பில் போட்டிருக்கிறேன், கவனிக்கவில்லை. கார்குழலியும் சிரித்துக்கொண்டே தன் பாதியைச் சேர்த்திருக்கிறாள். சிரிப்பு வீடியோ போடுகிற எவனோ ஒருவன், யாரென்று இன்றுவரை தெரியாது, அந்தக் காதல் அடியையும் நான் கத்தினதையும் ஒட்டி, நடுவில் ஆடு கத்துகிற சத்தத்தை வைத்து, மேலே 'காதல் மன்னன் கலியமூர்த்தி மீன் விற்கிறார்' என்று எழுதி விட்டுவிட்டான். முதல் தடவை பார்த்தபோது நானே சிரித்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். மீன் நாத்தம் போன் வரைக்கும் அடிக்குது என்று ஒருவன், கிழவனுக்கு ஆசையைப் பார் என்று ஒருவன், பாடுகிற பெண்ணைப் பற்றி இன்னும் அசிங்கமாக. அவனுக்குப் பதில் எழுத ஆரம்பித்து நாலு வரி அடித்தேன், வஞ்சரம் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள், அழித்துவிட்டேன். அதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்ளாதே.

சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, சம்பந்திக்கு இந்த வயசில் எவளோ ஒருத்தியோடு பாட்டு கேட்குதா என்று கேட்டதாக நீ சொன்னாய். நீ என்ன பதில் சொன்னாய் என்று சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. பாடினது அப்பா இல்லை, அம்மா என்று சொன்னால், அப்போ கத்தினதும் அம்மாவா, இன்னும் மார்க்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்களா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நீ தயாராக இல்லை. போகட்டும். இங்கே அப்பா என்ன செய்தார் தெரியுமா. போட் ஹவுசில் எல்லோரும் காதல் மன்னா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், படகில் ஏறின பெங்களூர் பசங்கள் பாட்டுப் பாடச் சொல்லி செல்பி எடுத்திருக்கிறார்கள். இவருக்குத் தாலாட்டு கூட வராது, உனக்குத் தெரியும். நான் இல்லை, என் பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அதைச் சொல்லாமல், தொண்டை சரியில்லப்பா, இன்னொரு நாள் பாடுறேன் என்று சமாளித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "என்னை நாலு பேரு சிரிச்சா படகு இறங்குனதும் மறந்துடுவான். உன்னைச் சொன்னா மார்க்கெட்டுக்கே வந்து நிப்பான்" என்றார். சொல்லிவிட்டுத் தாய்லாந்துக்காரனைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு அந்த வீடியோவைவிடப் பெரிய கவலை வேறு. நீ போன் செய்த அதே வாரத்தில் கார்குழலி ஆப்பிலிருந்து காணாமல் போய்விட்டாள். பெயர் இல்லை, படம் இல்லை, நாங்கள் சேர்ந்து பாடினதில் எல்லாம் அவள் பாதி அழிந்து என் பாதி மட்டும் நிற்கிறது. அதைப் போட்டுக் கேட்டால் ஒற்றை ஆளாகப் பேசுகிற பைத்தியம் மாதிரி இருக்கிறது. எங்கள் பாட்டுக் குழுவில் கலைவாணி என்று ஒரு டீச்சர் இருக்கிறார்கள், அவர்களும் விழுப்புரம், கார்குழலி வீட்டுப் பக்கம்தான். அவர்களைக் கேட்டால், அவள் புருஷன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டானாம், ஒரு வருஷமாக எவனோ ஒரு கலியமூர்த்தியோடு காதல் பாட்டா பாடிக்கினு இருந்த என்று போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டானாம், அவள் எவ்வளவு சொல்லியும் அது பெண் குரல் என்று நம்பவில்லையாம், அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறானாம் என்று சொன்னார்கள். தேவி, என் தொண்டை ஒரு பெண்ணின் குடித்தனத்தைக் கெடுக்கிறது என்றால் எப்படி இருக்கும். டீச்சரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, வர்ற ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று பார்த்தால் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரிக்குப் போட்டார்.

விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனோம். ரயில்வே லைனுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கதவைத் திறந்தது அவள் புருஷன், புருஷோத்தமன் என்று பெயர், லாரி ஆபீசில் வேலை. யார் நீங்கள் என்று கேட்பதற்குள் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "பாண்டியிலேர்ந்து வரோம், கலியமூர்த்தி" என்றார். இவருக்குப் புத்தி இருக்கிறதா பார். அந்த ஆள் முகம் அப்படியே கறுத்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு படி இறங்கினார். உள்ளே ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. நான் அப்பாவை இழுத்துப் பின்னால் விட்டுவிட்டு, "தம்பி, பேருதான் இவரோடது. குரலு என்னோடது" என்றேன். பேசும்போதே என் குரல் கட்டைதான், ஆனாலும் அவர் நம்பவில்லை, "ரெண்டு பேரும் சேந்து வந்து நாடகம் ஆடுறீங்களா" என்று கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தாயிற்று. "அப்படின்னா இங்கயே பாடு, கேக்கறேன்" என்றார்.

நடுத்தெருவில், செருப்பைக் கூடக் கழற்றாமல், வெயிலில் நின்றுகொண்டு பாடினேன். எனக்கும் கார்குழலிக்கும் பிடித்த ஒரு பழைய பாட்டின் ஆண் பாதியை, காதில் ஒயர் இல்லாமல், தாளம் இல்லாமல். முதல் அடி சுருதி தப்பியது. இரண்டாவது அடியில் மார்க்கெட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது. பெண் பாட வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினேன், அவளுக்காக விட்டேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நானே அடுத்த அடியை எடுத்துப் பாடி முடித்தேன். எதிர்வீட்டில் ஒரு அம்மா தானாகக் கைதட்டினார்கள், யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திவிட்டார்கள். புருஷோத்தமன் வேட்டியை இறக்கிவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு, "உள்ள வாங்கக்கா" என்றார். அப்பாவிடம், "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே" என்று சொல்லி, தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் கார்குழலி வெளியே வந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வருஷமாக நான் மனசில் வைத்திருந்த உருவத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் பார்த்தது அவரை. சத்தம் போடவில்லை. "அக்கா பொம்பளைன்னு தெரிஞ்சதும் தண்ணி கொண்டாறீங்க. ஆம்பளையா இருந்திருந்தா நான் வேற ஆளா ஆயிருப்பேனா? நான் பாடுனது அதே பாட்டுதான? நான் சொன்னப்ப ஒரு வார்த்த நம்பல, தெருவே கேக்க அவங்க பாடுன பிறகு நம்புறீங்க" என்றாள். அவர் சொம்பை வைத்துவிட்டுப் போனை எடுத்து வந்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "நீங்க குடுத்து வாங்கிக்க மாட்டேன், எடுத்த எடத்துல வைங்க, எனக்கு எப்போ வேணுமோ எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எங்களுக்குக் காபி போடப் போய்விட்டாள். காபி நன்றாக இருந்தது. கிளம்பும்போது என்னிடம் மட்டும், "பாட்ட அழிச்சிடாதீங்கக்கா, என் பாதி இல்லாட்டியும் இருக்கட்டும்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் திருபுவனை தாண்டினதும் அப்பா, "அந்தப் பொண்ணு கேட்டது சரிதான்" என்றார். நீங்கள் ஏன் ஒரு நாளும் நான் யாரோடு பாடுகிறேன் என்று கேட்டதில்லை என்றேன். "கேட்டிருந்தா நீ பாடுறத நிறுத்தியிருப்ப. எனக்குப் பாட்டு வேணும்" என்றார். முப்பது வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோம், இவர் என் பாட்டைக் கேட்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கார்குழலி உடனே வரவில்லை. ஆடி போய் ஆவணியும் பாதி போனது. நான் என் பாதியைப் பாடிப் போட்டுக்கொண்டே இருந்தேன், வேறு யார் யாரோ வந்து சேர்ந்து பாடினார்கள், மலேசியாவில் ஒரு அம்மா, திருப்பூரில் ஒரு காலேஜ் பெண், நன்றாகத்தான் பாடினார்கள். கடைசியில் ஒரு நாள் அவள் வந்தாள், புதுக் கணக்கு, தன் பெயர், தன் முகத்தையே படமாக வைத்திருந்தாள், கண்ணாடியோடு. விழுப்புரத்தில் நான் நடுவில் நிறுத்தின அதே பாட்டின் பெண் பாதியைப் பாடியிருந்தாள். வீட்டில் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை. பின்னணியில் யாரோ மிக்சியை நிறுத்துகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு எனக்கும் ரோஷம் வந்து போன் கடைப் பெண்ணிடம் போய்க் கலியமூர்த்தியை எடுத்துவிட்டுக் கமலவேணி என்று மாற்றிக்கொண்டேன். அப்பா மார்க்கெட்டில் வந்து எடுத்த போட்டோவைத்தான் வைத்திருக்கிறேன், தலையில் துண்டு, முன்னால் மீன். போட் ஹவுசிலும் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார். நாலு நாள் சிரித்தார்கள், இப்போது இரண்டு பேர் அவர்கள் வீட்டம்மாவுக்கு அந்த ஆப்பை எப்படிப் போடுவது என்று கேட்கிறார்கள்.

அதனால் தேவி, நான் அழிக்கவில்லை. நீ சொல்லி நான் செய்யாதது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சம்பந்தியம்மாவிடம் நானே போனில் சொல்லிவிட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அது நீ வாழ்கிற வீடு, நான் குறுக்கே வந்து பேசினால் அப்புறம் நீதான் அங்கே இருக்க வேண்டும், அதனால் உன்னிடமே விடுகிறேன். ஒன்று மட்டும், சம்பந்தியம்மா இன்னும் அப்பாவைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தால் அது பாவம், அவர் பாடக்கூட இல்லை. இந்த போன் நல்லதா கெட்டதா என்று நீயும் நானும் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம். எனக்கு இப்போதும் தெரியவில்லை. முகம் தெரியாதவன் அசிங்கமாக எழுதினதும் அதில்தான், முகம் தெரியாத ஒருத்திக்காக நான் பஸ் ஏறினதும் அதனால்தான். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும், நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நாளாகப் பெயரும் படமும் இல்லாத யாரோ ஒருவர் வந்து என் பாட்டைக் கேட்கிறார்கள். சேர்ந்து பாடுவதில்லை, இதயம் போடுவதில்லை, ஒரு வார்த்தை எழுதுவதில்லை. சனி ஞாயிறில் வருவதில்லை, மற்ற நாளில் எனக்கு வெயில் தாழ்கிற நேரத்தில் வருகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன், அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பாரீசில் அது ஆபீஸ் மதியச் சாப்பாட்டு நேரம் என்றார். யாராக இருந்தாலும் இருக்கட்டும், எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டாம். ஆனால் அது நீயாக இருந்தால், பாட்டைக் கேட்டுக்கொண்டே சாப்பாட்டை ஆறவிடாதே கண்ணு, முதலில் சாப்பிடு.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி, நிறைவாக வாழ அங்காளம்மன் துணையிருப்பாள். வடவத்தை ஒருநாள் வெயிலில் காட்டிவிட்டு டப்பாவில் போடு, அங்கே வெயில் இல்லையென்றால் ஹீட்டர் பக்கத்தில் வை. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல். குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு
உன் அம்மா
க. கமலவேணி